சோழன் பெயரில் ஒரு டகரம்

என் மகளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பதிவுசெய்த பெண்குரல் மூன்று மொழிகளிலும் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. சார்ஜ் போயிருக்கும், வகுப்பில் இருப்பாள் என்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நான் இப்படி இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெயர். சோழர்கள் என்ற பெயர்.

நாங்கள் இருப்பது பம்பாயில், செம்பூரில். நானும் என் மனைவியும் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு வீட்டாரும் திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள். துறைமுகப் பக்கம் ரே ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. மகள் மாட்டுங்காவில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஹார்பர் லைனில் குர்லா வந்து, அங்கே ரயில் மாறிப் போவாள். வீட்டில் தமிழ் பேசுவாள். படிப்பது சிரமம். கடைப் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பியிருக்கும்.

சரித்திர டீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆளுக்கு ஒரு பழைய ராஜ்ஜியம். போரும் கோயிலும் வேண்டாம், அதன் பெயரைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, யார் யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதைத் திரையில் படம் போட்டு வகுப்பில் விளக்க வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்திருந்த பள்ளியில் இப்போது அவள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் அவளும் அவள் தோழியும்தான். தோழி சாதவாகனர்களை எடுத்துக்கொண்டாள். இவள் சோழர்களை எடுத்தாள்.

எனக்குச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவளுக்கு ழகரம் சொல்லிக் கொடுத்தேன். நாக்கை மடக்கி, தொடாமல் நிறுத்த வேண்டும். அவளுக்கு அது யகரமாக வந்தது, பிறகு ரகரமாக வந்தது.

"சோளன். அம்புட்டுதானே? அதுக்கு ஏன் பிள்ள வாயைப் போட்டு இந்தப் பாடு படுத்துதிய?" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

"அம்மா, அது சோளம். கார்ன்."

"எங்க வீட்டுல எல்லாரும் சோளன்னுதான் சொல்லுவோம். அந்த ராசா ஒண்ணும் கோவிச்சுக்கிடலை."

அவள் சொன்னதும் உண்மைதான். வாழைப்பழம் எங்கள் வீடுகளில் வாளப்பளம். எங்கள் வாயிலேயே நிலைக்காத எழுத்து ஊரார் வாயில் எப்படி நிலைக்கும்? மகளின் கட்டுரையும் அதைத்தான் சொன்னது. அந்தக் கடற்கரை ராஜ்ஜியத்தார் தங்களைச் சோழர் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று உறுதியாக யாருக்கும் தெரியாது. 'சூழ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். சோளம் விளைந்த நிலம் என்கிறார்கள் சிலர் (என் மனைவிக்கு இதில் பெரிய வெற்றி). அர்த்தமெல்லாம் பின்னால் ஒட்ட வைத்தது, அது ஒரு பழங்குடியின் பெயர், அவ்வளவுதான் என்கிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பெயர் ஊர் ஊராகப் போகிறது. கப்பலில் வந்த ஐரோப்பியர்கள் சோழமண்டலத்தைக் கோரமண்டல் ஆக்கினார்கள். அதற்கெல்லாம் வெகு காலம் முன்னால், மௌரியர்களின் பாறைக் கல்வெட்டுகளில் தெற்கத்தி ராஜ்ஜியங்களின் வரிசையில் முதலாவதாக அந்தப் பெயர் வருகிறது. அந்த மொழியில் ழகரம் இல்லை. கிட்டத்தில் இருந்த டகரத்தைப் போட்டு 'சோட' என்று வெட்டினார்கள்.

"சோடாவா? கோலி சோடாவா, பன்னீர் சோடாவா?" என்றாள் என் மனைவி. மூன்று பேரும் சிரித்தோம்.

மகள் கவனமாகத்தான் செய்தாள். வடமொழியில் சில இடங்களில் அதே பெயர் 'சோர' என்று வருவதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதை அவளே எடுத்துவிட்டாள். "இது வேணாம்ப்பா. சோர்னா திருடன். க்ளாஸ்ல 'சோர் சோர்'னு கத்துவாங்க." எவ்வளவு யோசித்து வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருடனைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளியவள், பக்கத்தில் நின்றவனைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேர் காதிலும் 'சோட' என்பது தமிழாக, டகரமாகவே விழுந்தது. அவள் திரையில் போட்டிருந்ததோ ஆங்கில எழுத்தில். ஆங்கிலத்தில் டகரத்துக்கும் தகரத்துக்கும் ஒரே எழுத்து. அந்த இடத்தில் தகரத்தைப் போட்டு ஹிந்திக்காரர் படித்தால் என்ன வரும் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பம்பாயில் இரண்டு ஆண்கள் சண்டை போட்டால், ஒருவன் மற்றவனுடைய தாயையோ தங்கையையோ இழுத்துச் சொல்லும் வசவின் பிற்பாதி அது. தாராவியில் அதைக் கேட்காமல் ஒரு காலை விடிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அலுவலகத்துக்கு மனைவியின் அழைப்பு வந்தது.

"என்னங்க, பிள்ள இன்னும் வரலை. போன் ஆஃப்ல இருக்கு. ஸ்கூல்லருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டா. என்னமோ கெட்ட வார்த்தையை போர்டுல காட்டிட்டாளாம். திங்கக்கிழமை நம்மளை வரச் சொல்லுதா."

"கெட்ட வார்த்தையா? என்ன வார்த்தை?"

"சொல்ல மாட்டேங்குதா."

"என்ன வார்த்தைன்னு கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேன், சொல்ல மாட்டேங்குதான்னு சொல்லுதேன்லா!" என்று கத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். "பிள்ள எங்க போயிருப்பா? மொதல்ல அதைப் பாருங்க."

ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டே மகளின் தோழியைக் கூப்பிட்டேன். பள்ளி விடும்வரை கூட இருந்தாளாம். சரித்திர டீச்சர் அன்று லீவு, வேறொரு டீச்சர் வகுப்பைப் பார்த்துக்கொண்டாராம். "அங்கிள், அந்தச் சோழா ஸ்லைட் இருக்கில்ல, அதுல ஒரு வேர்ட். எல்லாரும் ஹஸ்னே லகே, சிரிக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் வீடியோ எடுத்துட்டான். அப்புறம் லஞ்ச்ல எல்லாரும் அவளை அதே பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. பெல் அடிச்சதும் எனக்குக்கூட நிக்காம போயிட்டா."

"என்ன பேருமா?"

"நான் சொல்ல முடியாது அங்கிள். ஆப் சமஜ் ஜாவோ நா, நீங்களே புரிஞ்சுக்கோங்க."

ரயில் ஏறிவிட்டேன். காட்டன் கிரீன் தாண்டும்வரை எனக்கு விளங்கவில்லை. ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் புரட்டினேன். சேவ்ரியில் ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் யாரோ யாரையோ திட்டினான். பாதி வசவு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எந்த வார்த்தை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பதினான்கு வயதுப் பெண். வகுப்பு முழுவதும் அந்தச் சொல்லால் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனை அணைத்துவிட்டாள். குர்லாவில் நான்கு பக்கமும் தண்டவாளம். நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை என் மனைவியிடம்கூட இதுவரை சொல்லவில்லை.

குர்லாவில் இறங்கினேன். அவள் எங்கே போனாலும் அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி செம்பூர் ஸ்டேஷனில் வந்து நின்றுவிட்டாள். நான் பாலத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். மாட்டுங்காவிலிருந்து வரும் பிளாட்பாரத்தில் நின்றால் ஹார்பர் லைன் மனதை இழுக்கும். அங்கே போனால் இங்கே ஒரு ரயில் வரும். நீலச் சீருடை எது தெரிந்தாலும் பின்னால் ஓடினேன். எல்லாம் வேறு பள்ளி, வேறு பெண்.

ஹார்பர் லைனின் கடைசி ஊரான பன்வேலிலிருந்து வி.டி. போகும் ரயில் ஒன்று வந்து நின்றது. பெண்கள் பெட்டி எனக்கு நேரே. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"ஏ பாய்சாப்! லேடீஸ் டப்பா ஹை! திக்தா நஹீ கியா?" வாசலில் நின்ற பெண் என் கையைத் தட்டிவிட்டாள். உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள்.

"பேட்டி... மேரி பேட்டி கோ டூண்ட் ரஹா ஹூன்..." என்றேன். மகளைத் தேடுகிறேன் என்று மறுபடியும் சொன்னேன்.

என்னை ஒரு கணம் பார்த்தாள். உடனே உள்பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது இருக்கிறாளா என்று எனக்குப் பதிலாகத் தானே கத்தினாள். "அரே, ஸ்கூல் கீ பச்சீ ஹை கியா கோயி? நீலா யூனிஃபார்ம்!"

ஜன்னலருகே ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள் என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஹை, ஹை! கிட்கீ கே பாஸ்! ரோ ரஹீ ஹை!"

ரயில் நகர ஆரம்பித்தது. அந்தப் பெட்டிக்குள் ஏற முடியாது. அடுத்த பொதுப் பெட்டியில் தொற்றிக்கொண்டேன். இரண்டு பெட்டிக்கும் நடுவே கம்பி வலை போட்ட தடுப்பு. ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அதில் முகத்தை வைத்தேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் அவளைக் கையைப் பிடித்துத் தடுப்பருகே தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் மகள். பையை மார்போடு கட்டிக்கொண்டு, கண் வீங்கி, முழுதாக.

"ஏட்டி, போனை ஏன் ஆஃப் பண்ணுன?" முதலில் வாயில் வந்தது அதுதான்.

"க்ளாஸ் வாட்ஸப் க்ரூப்ல அந்த வீடியோவே வந்துட்டே இருந்துச்சுப்பா." பன்வேல்வரை போய்த் திரும்பி வருகிறாளாம். போகும்போதும் வரும்போதும் செம்பூர் வந்தது, இறங்க முடியவில்லை என்றாள். "வீடியோ பார்த்தீங்களா?"

"இல்ல."

"பாக்காதீங்க."

"பாக்க மாட்டேன்."

"நான் அதைச் சொல்லவே இல்லப்பா. ஸ்லைட் வந்ததும் சிரிச்சாங்க. ஏன்னே எனக்குத் தெரியல. அப்புறம் ஒருத்தன் படிச்சுக் காமிச்சான்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்களும் அம்மாவும் வீட்ல கேட்டீங்கல்ல? அப்ப அப்படியா கேட்டுச்சு?"

"இல்லட்டி. அது அந்த வார்த்தையே இல்ல. கல்லுல இருக்கது டகரம். இவனுவ படிச்சது வேற."

"சொல்லுங்க."

"என்ன?"

"எப்படிச் சொல்லணும்னு ஒரு தடவை சொல்லுங்க. எனக்கு இப்ப எப்படிச் சொன்னாலும் அது மாதிரியே கேக்குது."

நான் சுற்றிலும் பார்த்தேன். அதுவரை நாங்கள் பேசிய தமிழ் அங்கே யாருக்கும் புரிந்திருக்காது. இந்த ஒரு சொல் எல்லோருக்கும் புரியும், அதுவும் தவறாகப் புரியும். தகப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய ஒலி இல்லை அது. மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கல."

சுனாபட்டி தாண்டி ரயில் வேகம் பிடித்திருந்தது. உரக்கச் சொன்னேன். "ச்சோட!"

என் தோளருகே அட்டைப்பெட்டியோடு நின்ற ஆள், மகள் முன்னால் இது என்ன பேச்சு என்று திரும்பினான். "காகா, பேட்டீ கே சாம்னே க்யா போல் ரஹே ஹோ?" அவன் பின்னால் இருவர் சிரித்தார்கள்.

என்னையறியாமல் கத்தினேன். "அரே, ட! ட! டமரூ வாலா ட! ராஜா கா நாம் ஹை!" ஹிந்தி அரிச்சுவடியில் டகரத்துக்கு டமருகம்தான் படம். ஒன்றாம் வகுப்பில் எல்லோரும் பார்த்தது.

அவன் புருவத்தைத் தூக்கி, சரி, அப்படிச் சொல்லுங்கள் என்றான். "ச்சோ...ட. டமரூ வாலா. டீக் ஹை, ஐஸா போலோ நா." தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இன்னொருத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், ஏதோ ராஜாவாம், டமரூ வாலாவாம் என்று. மூலையிலிருந்து ஒருவன் வேண்டுமென்றே மற்ற எழுத்தைப் போட்டுச் சொல்லிவிட்டு இளித்தான். அட்டைப்பெட்டிக்காரன் அவனை முறைத்தான்.

"அப்பா, போதும்ப்பா. விடுங்க," என்றாள் மகள். அவள் முகம் அழுகைக்கும் வேறெதற்கும் நடுவில் இருந்தது.

ஜி.டி.பி. நகரில் இறங்கி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனோம். மனைவியைக் கூப்பிட்டு, மகளிடம் போனைக் கொடுத்தேன். நான் பள்ளியை ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். "நீங்க வந்து சத்தம் போட்டா அதையும் வீடியோ எடுப்பாங்க," என்றாள் மகள். பிறகு, "நான் இனிமே அந்த ஸ்கூலுக்குப் போகல," என்றாள். அதற்கு நான் சரி என்றேன். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் சரி என்றிருப்பேன்.

சனியும் ஞாயிறும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செம்பூரில் வேறு பள்ளி விசாரித்தேன், வருஷத்தின் நடுவில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். மனைவி வேறு வழி சொன்னாள். "அந்தப் பேரையே விட்டுத் தொலைக்கட்டும். பாண்டியனை எடுத்துக்கிடட்டும். நம்ம பக்கத்து ராசாதானே?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகள் திரும்பினாள். "அம்மா, அதே கல்லுல பாண்டியனை என்னன்னு வெட்டியிருக்காங்க தெரியுமா? பாட. அதையும் இங்கிலீஷ்ல எழுதுனா பாதா."

ஹிந்தியில் அதற்கு என்ன அர்த்தம் என்பது என் மனைவிக்கு நொடியில் ஓடியது. குசு விட்டான் என்று அர்த்தம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன், ஆனால் நெஞ்சு லேசாகவில்லை.

திங்கட்கிழமை சரித்திர டீச்சரைப் பார்க்க மூவரும் போனோம். மராத்திக்காரர், என்னைவிட மூத்தவர். எங்களை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார். அந்தச் சொல்லைப் புத்தகங்களில் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாராம். அதை ஒரு நாளும் வாய்விட்டுப் படித்ததில்லையாம். வீடியோ எடுத்த பையனின் பெற்றோரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மார்க் குறையாது, விருப்பமிருந்தால் மறுபடி செய்யலாம், அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. "எடுத்துடுவா, மேடம்," என்றேன்.

"எடுக்க மாட்டேன்," என்றாள் மகள் தமிழில், என்னிடம்.

வெளியே வராந்தாவில் கெஞ்சினேன். "ஒரே ஒரு வரிதானேட்டி. அது இல்லாட்டா சோழன் செத்தா போவான்?"

"அதை எடுத்துட்டா நான் கெட்ட வார்த்தைதான் போட்டேன்னு ஆயிடும்ப்பா."

"நீ போடலைன்னு டீச்சருக்குத் தெரியுமே."

"அவங்களுக்குத் தெரியும்." அவள் வகுப்பறைப் பக்கம் கையைக் காட்டவில்லை. காட்டத் தேவையிருக்கவில்லை.

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க. அவ இஷ்டம்."

அந்த வார வியாழக்கிழமை மறுபடி நின்றாள். கல்வெட்டின் பெயரை இந்த முறை தேவநாகரியில், வளைவு தெளிவாகத் தெரிகிற பெரிய டகரத்தோடு போட்டிருந்தாள். பக்கத்தில் தமிழில் தன் கையால் எழுதிய ழகரம். சுழியைத் தப்பான பக்கம் போட்டு, அழித்து, மறுபடி எழுதியது. நான் அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கு எதிரே ஒரு பழக்கடை ஓரமாக நின்றேன். கடைக்காரர் இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். எனக்கு வேண்டாத சாத்துக்குடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. கும்பலாக வந்தார்கள். அவளும் தோழியும் கடைசியில் வந்தார்கள்.

"என்ன ஆச்சு?"

"சிரிச்சாங்க," என்றாள்.

"நீ?"

"சிரிச்சு முடிக்கட்டும்னு நின்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னேன்."

தோழிதான், "ஜோர்ஸே போலி, அங்கிள். சத்தமா சொன்னா," என்றாள். அவர்கள் இருவரும் முன்னால் நடக்க, நான் பின்னால் ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். பாதித் தெரு போயிருப்போம். பின்னாலிருந்து, கூட்டத்துக்குள்ளிருந்து, ஒரு பையன் குரல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. தகரத்தோடு.

நான் திரும்பினேன்.

"திரும்பாதீங்கப்பா," என்றாள் அவள், நடையை நிறுத்தாமல். "பார்த்தா இன்னொரு தடவை சொல்லுவான்."

நான் நேரே பார்த்து நடந்தேன். முதுகெல்லாம் காதாக இருந்தது.